அகமும் புறமும்: அலுவலகத் தொலைபேசிக்கான தமிழ்க் கலைச்சொற்கள்

பள்ளி அலுவலகம் ஒன்றில் தொலைபேசி மணி ஒலிக்கிறது. எடுத்த எழுத்தர், "கொஞ்சம் ஹோல்டு பண்ணுங்க, எக்ஸ்டென்ஷனுக்கு டிரான்ஸ்பர் பண்றேன், லைன் பிசின்னா மெசேஜ் விடுங்க" என்கிறார். இரு முனையிலும் இருப்போர் தமிழர். பேச்சும் தமிழ்ப்பேச்சே. ஆயினும் அதனைப் பகுத்து நோக்கின், பொருள் தரும் சொற்கள் யாவும் ஆங்கிலம். தமிழ் வழங்கியவை 'பண்ணு', 'விடு' என்னும் வினைகளும், ஓர் உருபும், 'கொஞ்சம்' என்னும் ஒரு சொல்லுமே.

மொழிக்கலப்பு எம்மொழிக்கும் இயல்பு என்பதை மொழியியல் பயின்றோர் அறிவர். அதனைக் கடிந்துரைப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. இங்கு எழும் வினா வேறு. அந்த எழுத்தர் தமிழிலேயே சொல்ல விரும்பினால் சொல்ல இயலுமா? தமிழாசிரியராகப் போகும் மாணவர் ஒருவர் இவ்வினாவை எழுப்பினால் நாம் தரக்கூடிய விடை யாது? சொற்பட்டியல் ஒன்றை அவர் கையில் கொடுத்துவிட்டால் போதுமா?

போதாது என்பதே என் கருத்து. கலைச்சொல்லை ஆங்கிலச் சொல்லின் உருவத்திலிருந்து ஆக்காமல், பொருளின் தொழிற்பாட்டிலிருந்து ஆக்குதல் வேண்டும். ஆக்கிய சொற்கள் ஒன்றோடொன்று பொருந்தி, வேறுபட்டவற்றை வேறுபடுத்திக் காட்டுதல் வேண்டும். நிறுவனங்களில் பயன்படும் தொலைபேசி அமைப்பு இவ்வுண்மையை விளக்குதற்கு மிகவும் ஏற்ற சிறிய துறை. அதன் அடிப்படைச் சொற்கள் இருபதுக்கு மேற்படா. அவற்றுள் ஒன்று பிழைத்தாலும் ஏனையவை தடுமாறும்.

1. இவ்வூரும் சொல்லாக்கமும்

தஞ்சோங் மாலிமில் இப்பொருளைப் பேசுவதற்குத் தனிப் பொருத்தம் உண்டு. 1922-இல் இங்கே தோன்றிய சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரி மலாய் ஆசிரியர்களைப் பயிற்றுவித்தது. 1924-இல் மலாய் மொழிபெயர்ப்பு அலுவலகம் இக்கல்லூரிக்கு இடம் பெயர்ந்தது. ஸாபா என்னும் சுருக்கப்பெயரால் அறியப்பட்ட ஸைனால் அபிடின் அகமது அதில் பணியாற்றினார். பள்ளிப் பாடநூல்களை மலாயில் ஆக்கும் பணி இங்கே நடைபெற்றது. பாடநூல் எழுதுவோரும், அதனைக் கற்பிக்கப் போகும் மாணாக்கரும் ஒரே வளாகத்தில் இருந்தனர் என்பது கருதத்தக்கது. ஆக்கப்பட்ட சொல் அச்சகத்திலிருந்து வகுப்பறைக்குச் செல்ல நெடுந்தொலைவு நடக்க வேண்டியிருக்கவில்லை.

1956-இல் டேவான் பஹாசா டான் புஸ்தாகா நிறுவப்பட்டபின் மலாய்ச் சொல்லாக்கம் நாடளாவிய பணியாயிற்று. தொலைபேசித் துறையிலும் அதன் பயனைக் காண்கிறோம். இணைப்பு நிலையத்தை மலாய் 'இபு சாவாட்' என்கிறது. 'இபு' என்றால் தாய். தலைமை அலுவலகத்தை 'இபு பெஜாபாட்' என்றும், தலைநகரை 'இபு நெகாரா' என்றும், கட்டைவிரலை 'இபு ஜாரி' என்றும் வழங்கும் மொழி, கருவிகளையெல்லாம் இணைக்கும் நடுவிடத்தையும் தாயாகக் கண்டது. ஆங்கிலச் சொல்லில் தாய் இல்லை. தன் மொழியில் முன்பே வழங்கிய சொற்குடும்பம் ஒன்றினுள் புதிய பொருளை அமர்த்தியதே இங்கு நடந்தது.

இன்று அக்கல்லூரி சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகமாக விளங்குகிறது. தமிழ் கற்பிக்கப்போகும் ஆசிரியர்களும் அங்கே பயில்கின்றனர். மலாய்க்கு இவ்வூரில் வாய்த்த வாய்ப்பு தமிழுக்கும் வாய்த்திருக்கிறது.

தமிழரிடம் சொல்லாக்கும் ஆற்றல் இல்லாமற் போனதா? இல்லை. இம்மாநிலத்து இரப்பர்த் தோட்டங்களையே சான்றாகக் கொள்ளலாம். பால்மரம், ஒட்டுப்பால், பால்வெட்டு, பெரட்டு, மங்கு என அத்தொழிலுக்கு வேண்டிய சொற்களை உழைப்பாளர்கள் தாமே அமைத்துக்கொண்டனர். சிலவற்றைத் தமிழிலிருந்து ஆக்கினர். சிலவற்றை ஆங்கிலத்திலிருந்தும் மலாயிலிருந்தும் பெற்றுத் தம் நாவிற்கேற்பத் திருத்திக்கொண்டனர். எக்குழுவும் அவர்களுக்காகக் கூடவில்லை. கருவி அவர்கள் கையில் இருந்தமையால் சொல்லும் அவர்கள் வாயில் பிறந்தது.

தோட்ட அலுவலகத்துத் தொலைபேசியோ துரைக்கும் கிராணிக்கும் உரியதாக இருந்தது. வரிசை வீடுகளில் வாழ்ந்தோர்க்கு அது பிறர் பேசும் கருவி. தாம் கையாளாத கருவிக்கு யாரும் வினைச்சொல் படைப்பதில்லை. அலுவலகத் தொலைபேசித் தமிழின் வறுமைக்குக் காரணம் மொழியின் இயலாமை அன்று. கருவி நம் கைக்கு வந்த காலமும் முறையுமே. இன்று அக்கருவி நம் பிள்ளைகளின் மேசைமீது இருக்கிறது. ஆகவே பழைய காரணம் இனிப் பொருந்தாது.

2. இணைப்பகம்: பெயரும் தொழிலும்

1876-இல் அலெக்சாண்டர் கிரகாம் பெல் தொலைபேசிக்குக் காப்புரிமை பெற்றார். இரு கருவிகளை ஒரு கம்பியால் இணைத்தால் இருவர் பேசலாம். பத்துப் பேர் தமக்குள் பேச வேண்டுமாயின், ஒவ்வொருவரையும் ஏனைய ஒன்பதின்மரோடு இணைக்க 45 கம்பிகள் வேண்டும். ஐம்பது பேராயின் 1,225 கம்பிகள் வேண்டும். இது நடைமுறைக்கு ஒவ்வாது. ஒவ்வொருவரிடமிருந்தும் ஒரேயொரு கம்பியை நடுவிடம் ஒன்றுக்குக் கொண்டுவந்து, வேண்டும்போது வேண்டிய இருவரை அங்கே இணைத்தால் ஐம்பது பேருக்கு ஐம்பது கம்பிகளே போதும். 1878 ஜனவரியில் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் 21 சந்தாதாரர்களுடன் இத்தகைய வணிக நிலையம் ஒன்று இயங்கத் தொடங்கியது. அங்கே கம்பிகளைக் கையால் இணைத்தவர் மனிதர். கான்சாஸ் நகரத்து ஆல்மன் ஸ்டிரௌஜர் 1891-இல் தானே இணைக்கும் பொறிக்குக் காப்புரிமை பெற்றபின், அவ்வேலை படிப்படியாகப் பொறிக்கு மாறிற்று.

அந்நடுவிடத்தின் ஆங்கிலப்பெயருக்கு அகராதி தரும் முதற்பொருள் பரிமாற்றம். அப்பெயரை மட்டும் நோக்கியவர் 'மாற்றகம்' என்றோ 'பரிமாற்றகம்' என்றோ ஆக்கியிருப்பர். ஆனால் அங்கே எதுவும் கைமாறுவதில்லை, இருவர் இணைக்கப்படுகின்றனர். தமிழ்நாட்டில் வழக்கூன்றிய 'தொலைபேசி இணைப்பகம்' என்னும் தொடர், தொழிலைக் கண்டு பெயரிட்டது. நூலகம், மருந்தகம், அச்சகம் என்பனபோல 'அகம்' என்னும் ஈறு இடத்தைச் சுட்டுகிறது. கேட்ட அளவிலேயே பொருள் விளங்குகிறது. நல்ல கலைச்சொல்லின் இலக்கணம் இதுவே.

'தொலைபேசி' என்னும் சொல்லின் ஈறும் கருதத்தக்கது. 'மரங்கொத்தி'யில் உள்ள இகரம் வினைமுதலைக் குறிக்கும், கொத்துவது அப்பறவையே. 'மண்வெட்டி'யில் உள்ள இகரம் கருவியைக் குறிக்கும், வெட்டுபவர் வேறு. தொலைபேசி மண்வெட்டியின் இனம். பேசுவோர் நாம், அது பேசுதற்குக் கருவி. இவ்வீற்றின் ஆற்றலால்தான் அச்சொல்லிலிருந்து புதுச்சொற்கள் எளிதில் கிளைத்தன. கையில் கொண்டு செல்வதைத் தமிழ்நாட்டார் கைபேசி, செல்பேசி, அலைபேசி என்றனர். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் கைத்தொலைபேசி என்கிறோம். இலங்கையார் கையடக்கத் தொலைபேசி என்பர். நாட்டுக்கு நாடு சொல் வேறுபட்டாலும் எவரும் எவருடைய சொல்லையும் கேட்டு விழிப்பதில்லை. அடிச்சொல் தெளிவாக இருப்பின் வேறுபாடு இடையூறாவதில்லை.

3. 'தனியார்' என்ற பிழை

ஒரு நிறுவனத்திற்குள் நாற்பது, ஐம்பது தொலைபேசிகள் இருக்கும். அவற்றைத் தமக்குள் இணைக்கவும், வேண்டும்போது வெளியுலகத்தோடு இணைக்கவும் அந்நிறுவனமே வைத்திருக்கும் சிற்றிணைப்பகத்தை உலக வழக்கில் பி.பி.எக்ஸ். என்பர். அவ்வெழுத்துகளின் விரிவைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்துத் 'தனியார் கிளை இணைப்பகம்' என்று நெடுங்காலம் கற்பித்தவர்களுள் நானும் ஒருவன். ஒருநாள் வகுப்பில் மாணவி ஒருத்தி எழுந்து, "ஐயா, அரசாங்க மருத்துவமனையிலும் இது இருக்கிறதே, அது எப்படித் தனியார் ஆகும்?" என்று கேட்டாள். எனக்கு விடை இல்லை.

அவள் கேட்டது முற்றும் சரி. தமிழில் 'தனியார்' என்பது அரசு சாராததைக் குறிக்கும்: தனியார் பள்ளி, தனியார் மருத்துவமனை, தனியார் துறை. ஆங்கிலச் சொல்லோ இவ்விடத்தில் உடைமைத் துறையைக் குறிக்கவில்லை. பொதுமக்கள் இணைப்பகம் அன்று, ஒரு நிறுவனத்தின் உட்பயன்பாட்டிற்கு உரியது என்பதையே குறிக்கிறது. 'கிளை' என்பதும் இடர் தருவதே. வங்கிக்கிளை, கிளை அலுவலகம் என்னும் வழக்குகளால், 'கிளை இணைப்பகம்' என்றவுடன் வேறோர் ஊரில் உள்ள அலுவலகம் நினைவுக்கு வருகிறது. மூன்று சொற்களும் அகராதிப்படி சரி. தொடரோ பொருளைத் தரவில்லை.

அதன் தொழிலைப் பார்ப்போம். அது நிறுவனத்தின் உள்ளகத்தை இணைக்கிறது. ஆகவே 'அக இணைப்பகம்' எனலாம். இதற்கு எதிராக, ஊர் முழுமைக்கும் பொதுவான நிலையம் 'பொது இணைப்பகம்' ஆகும். அரசு அலுவலகத்திலும் கடையிலும் பள்ளியிலும் கோயில் அலுவலகத்திலும் அச்சொல் பொருந்தும்.

4. தடங்கள் எத்தனை வேண்டும்?

அக இணைப்பகத்திலிருந்து பொது இணைப்பகத்துக்குச் செல்லும் இணைப்புகளை ஆங்கிலத்தில் 'டிரங்க்' என்பர். மரத்தின் அடிமரத்தையும் அதிலிருந்து பிரியும் கிளைகளையும் மனத்திற்கொண்ட உருவகம் அது. இருப்புப்பாதையின் முதன்மை வழிக்கும் அதே பெயர் உண்டு. தமிழில் 'அடிமரம்' என்று பெயர்த்தால் கேட்போர் தோட்டத்தையே நினைப்பர். பேருந்துத் தடம், தடம் எண் என்னும் வழக்குகள் நமக்கு உண்டு. வழியையும் அதன்மீது செல்வதையும் ஒருங்கே உணர்த்தும் 'தடம்' என்னும் சொல் இங்குப் பொருந்தும். வெளியே செல்வதால் அது புறத்தடம். 'புறவழி' எனலாமே என்பார்க்கு ஒரு விடை: புறவழிச்சாலை என்னும் சொல் ஊரைச் சுற்றிச் செல்லும் சாலைக்கு முன்பே உரிமையாகிவிட்டது.

ஐம்பது தொலைபேசிகளுக்கு ஐம்பது புறத்தடங்கள் வேண்டுமா? வேண்டா. எல்லாரும் ஒரே நேரத்தில் வெளியே பேசுவதில்லை. கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய டென்மார்க் கணித அறிஞர் எர்லாங், எத்தனை தடங்கள் போதும் என்பதைக் கணக்கிடும் முறையை 1909 முதல் 1917 வரை வெளியிட்ட கட்டுரைகளில் வகுத்தார். தொலைபேசிச் சுமையின் அலகு இன்று அவர் பெயராலேயே வழங்குகிறது. ஒரு மணி நேரம் முழுதும் ஒரு தடம் பேச்சில் இருப்பின் அது ஓர் எர்லாங்.

ஓர் அலுவலகத்தில் நெருக்கடியான ஒரு மணி நேரத்தில் 30 புற அழைப்புகள் நிகழ்வதாகவும், ஒவ்வொன்றும் சராசரியாக 3 நிமிடம் நீள்வதாகவும் கொள்வோம். மொத்தம் 90 நிமிடம், அதாவது 1.5 எர்லாங். அவருடைய வாய்பாட்டின்படி, நான்கு புறத்தடங்கள் இருந்தால் நூறு அழைப்புகளுள் ஏறத்தாழ ஐந்து தடம் கிடைக்காமல் திரும்பும். ஐந்து தடங்கள் இருந்தால் நூற்றுக்கு ஒன்றரைக்கும் குறைவு. ஆறு இருந்தால் ஆயிரத்துக்கு மூன்று அல்லது நான்கு. நிறுவனம் ஒவ்வொரு தடத்திற்கும் கட்டணம் செலுத்துவதால், இக்கணக்கு அதன் பணப்பையைத் தொடுகிறது. கணிதம் கற்பிக்கும் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் இதனை வகுப்பிலேயே எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம்.

5. உள்ளும் வெளியும் செய்யும் குழப்பம்

இனி, சொல்லாக்கத்தில் நாம் மிக எளிதாக இடறும் இடத்திற்கு வருவோம். 'உள்ளழைப்பு', 'வெளியழைப்பு' என்னும் சொற்களைப் பலர் பயன்படுத்துகின்றனர். உள்ளழைப்பு என்பது அலுவலகத்துக்குள் ஒருவர் மற்றொருவரை அழைப்பதா? வெளியிலிருந்து உள்ளே வரும் அழைப்பா? வெளியழைப்பு என்பது வெளியாரோடு பேசுவதா? நாம் வெளியே அனுப்பும் அழைப்பா? இரண்டு பொருளும் அச்சொற்களுக்குள் அடங்குகின்றன. இரு பொருளும் அடங்குவதே குறை.

இங்கே இரண்டு வேறுபாடுகள் உள்ளன. ஒன்று எல்லை பற்றியது: நிறுவனத்துக்குள்ளா, நிறுவனத்துக்கு அப்பாலா? மற்றொன்று திசை பற்றியது: நம்மை நோக்கி வருகிறதா, நம்மிடமிருந்து செல்கிறதா? ஒரே இணைச்சொல்லால் இரண்டையும் குறிக்க முயன்றதால் குழப்பம் நேர்ந்தது. எல்லைக்குத் தமிழில் தொன்மையான இணை ஒன்று உண்டு: அகம், புறம். பொருளிலக்கணத்திற்கே அடித்தளமான பகுப்பு அது. அதனை எல்லைக்கு மட்டும் உரியதாக்கி, 'அக அழைப்பு', 'புற அழைப்பு' எனலாம். திசைக்கு வா, செல் என்னும் வினைகளே போதும்: 'வரும் அழைப்பு', 'செல்லும் அழைப்பு'. இப்போது வெளியார் நம்மை அழைப்பது 'வரும் புற அழைப்பு' என ஐயமின்றி அமைகிறது.

இச்சொற்களைப் புணர்ச்சி நோக்கிச் சேர்த்தெழுத வேண்டா என மாணவரை வேண்டுகிறேன். 'வரும் அழைப்பு' என்பதை 'வருமழைப்பு' என்று எழுதினால் மழை வருவதாக ஒருவர் வாசிப்பார். 'வரவு அழைப்பு' என்பதைச் சேர்த்தாலோ 'வரவழைப்பு' ஆகி, ஒருவரை வரச்சொல்லும் ஆணையாகிவிடும். கலைச்சொல்லுக்குத் தெளிவே முதலிலக்கணம். புணர்ச்சி அதற்கு அடுத்தது.

இதே முறையில், அலுவலகத்துக்குள் ஒவ்வொரு தொலைபேசிக்கும் உரிய மூன்று அல்லது நான்கு இலக்க எண் 'அக எண்' ஆகும். எக்ஸ்டென்ஷன் என்பதன் நேர்ப்பொருளைக் கொண்டு 'நீட்டிப்பு எண்' என்பாரும் உளர். கால நீட்டிப்பு, பணி நீட்டிப்பு என வழங்கும் அச்சொல் இங்கு எதனை நீட்டுகிறது என்பது கேட்போர்க்கு விளங்குவதில்லை.

அகம், புறம் என்னும் இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. பல அக இணைப்பகங்களில் புறத்தடத்தைப் பெற முதலில் 9 என்னும் இலக்கத்தை அழுத்துதல் வேண்டும். 2013 டிசம்பரில் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்து மார்ஷல் நகரில், விடுதி அறை ஒன்றில் தன் தாய் தாக்கப்படுவதைக் கண்ட ஒன்பது வயதுச் சிறுமி, அவசர உதவிக்கு 911 என்னும் எண்ணை நான்கு முறை அழுத்தினாள். பள்ளியிலும் வீட்டிலும் கற்ற எண் அது. அறைத் தொலைபேசியில் வெளியே செல்ல முதலில் 9 வேண்டும் என்பதை அவள் அறியாள். அழைப்பு ஒருமுறையும் சென்று சேரவில்லை. தாய் உயிரிழந்தார். அந்நிகழ்வின் விளைவாக, பல தடத் தொலைபேசி அமைப்புகளில் முன்னிலக்கம் ஏதுமின்றி அவசர எண்ணை நேரே அழைக்க இயலவேண்டும் என 2018-இல் அந்நாட்டில் கூட்டாட்சிச் சட்டம் இயற்றப்பட்டது.

நம் நாட்டில் அவசர எண் 999. அதனை நேரே அறிந்துகொள்ளுமாறு அமைக்கப்படாத அக இணைப்பகத்தில் 999 என அழுத்தினால் என்ன நேரும்? முதல் 9 புறத்தடத்தைப் பற்றும்; எஞ்சிய 99 மட்டுமே வெளியே செல்லும். ஆகவே, தம் பள்ளியின் தொலைபேசியில் 999 நேரே செல்லுமா, முன்னே ஓர் இலக்கம் வேண்டுமா என்பதை ஒவ்வோர் ஆசிரியரும் கேட்டறிந்து, அதனைக் கருவியின் அருகே தமிழிலும் எழுதி ஒட்டுதல் நன்று. "வெளியே அழைக்க முதலில் 9" என்னும் நான்கு சொற்கள் போதும். ஆனால் அவை சிறுவர்க்கு விளங்கும் மொழியில் இருத்தல் வேண்டும்.

6. வினைகள்: காத்திருத்தலும் காக்கவைத்தலும்

பெயர்களைக் காட்டிலும் வினைகளே அலுவலகப் பேச்சில் மிகுதியாக வரும். அவற்றை ஆக்கும்போது தமிழிலக்கணமே நமக்குத் துணை நிற்கிறது.

பேசிக்கொண்டிருப்பவரைச் சற்று நிறுத்தி வேறு வேலை பார்ப்பது ஒன்று. பேசிக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது அழைப்பு வந்து நிற்பது மற்றொன்று. ஆங்கிலத்தில் இவற்றுக்கு முற்றிலும் வேறான சொற்கள் உள. தமிழில் இரண்டையும் 'காத்திருப்பு' என மொழிபெயர்த்துவிடுவதைக் காண்கிறோம். நமக்கோ தன்வினை, பிறவினை என்னும் பாகுபாடு இருக்கிறது. முன்னது நாம் செய்வது: 'காக்கவைத்தல்'. பின்னது அவ்வழைப்பு தானே நிற்பது: 'காத்திருக்கும் அழைப்பு'. "என்னை அரைமணி நேரம் காக்கவைத்துவிட்டார்" என்று வீட்டில் பேசும் தமிழே இது.

அழைப்பை வேறொருவரிடம் சேர்ப்பதிலும் இரு வகை உண்டு. எடுத்துப் பேசியபின் அடுத்தவரிடம் கொடுப்பது 'மாற்றிக்கொடுத்தல்'. எடுப்பதற்கு முன்பே, முன்னரே அமைத்தபடி வேறு எண்ணுக்குச் செல்லுமாறு செய்வது 'திருப்பிவிடுதல்'. சாலை பழுதுபட்டால் போக்குவரத்தைத் திருப்பிவிடுகிறோம் அன்றோ? அதே வினை. மாற்றிக்கொடுத்தலிலும் இரு முறை உண்டு: அடுத்தவரிடம் கேட்டபின் கொடுப்பது 'கேட்டு மாற்றுதல்'; கேளாமலே கொடுப்பது 'கேளாது மாற்றுதல்'. ஆங்கிலத்தார் இரண்டாவதற்குக் 'குருட்டு' என்னும் அடைமொழியைச் சேர்ப்பர். அதனை அப்படியே பெயர்த்தல் தேவையற்றது. பார்வையற்றோர் பலர் இணைப்பாளர்களாகத் திறம்படப் பணியாற்றும் துறையில் அது பண்பும் அன்று.

ஒரு துறைக்கு ஒரே எண்ணைக் கொடுத்து, முதல் தொலைபேசி பேச்சில் இருந்தால் இரண்டாவதையும், அதுவும் அவ்வாறாயின் மூன்றாவதையும் நாடிச் செல்லுமாறு அமைப்பர். ஆங்கிலத்தில் இதற்கு வேட்டையைக் குறிக்கும் சொல் வழங்குகிறது. 'வேட்டைக்குழு' என்றால் நம் மாணவர் நகைப்பர். நடப்பது ஓய்வாக உள்ள தொலைபேசியைத் தேடுவதே. ஆகவே 'தேடுதொகுதி'. ஊறுகாய், சுடுசோறு என்பனபோல இது வினைத்தொகை. ஆதலின் இடையே வல்லினம் மிகாது. 'தேடுத்தொகுதி' என எழுதுதல் பிழை.

அழைத்தவுடன் பதிவு செய்த குரலொன்று எண்களை அழுத்தச் சொல்வதைத் 'தானியங்கி வரவேற்பு' எனலாம். 1963-இல் அமெரிக்காவில் அழுத்துபொத்தான் தொலைபேசி அறிமுகமானபின் இது இயல்வதாயிற்று. அதன் ஒவ்வொரு பொத்தானும் இரண்டு சுருதிகளை ஒருங்கே எழுப்பும். 5-ஐ அழுத்தினால் 770, 1,336 அதிர்வெண்கள் சேர்ந்து ஒலிக்கும். அவ்விணையைக் கேட்டே பொறி எண்ணை அறிகிறது. எடுப்பார் இல்லாதபோது பேச்சைப் பதிந்து வைப்பது 'குரலஞ்சல்'. மலாய் இதனை 'மெல் சுவாரா' என அதே முறையில் ஆக்கிக்கொண்டது.

'டயல்' என்னும் வினைக்குச் 'சுழற்று' என்றனர் முன்னோர். வட்டைச் சுழற்றிய காலத்தில் அது பொருந்தியது. பொத்தான் வந்ததும் 'அழுத்து' என்றோம். இப்போது பெயரைச் சொன்னாலே கைத்தொலைபேசி அழைக்கிறது. கையின் அசைவைப் பற்றிய சொல் கருவியோடு முதுமையடையும். நோக்கத்தைப் பற்றிய 'அழை' முதுமையடையாது. மக்கள் வழக்கு மட்டும் இதற்கு விலக்கு. தாங்கியே இல்லாத கருவியிலும் "தொலைபேசியை வைத்துவிட்டார்" என்கிறோம். வழக்கில் வேரூன்றிய சொல்லைத் திருத்த வேண்டியதில்லை. புதிதாக ஆக்குவோர்தாம் எண்ணிச் செய்தல் வேண்டும்.

7. இணையம் வந்தபின்

இன்று குரல் இணையத்தின் வழியே செல்கிறது. நிறுவனத்தின் இணைப்பகம் அதன் கட்டடத்திலேயே இல்லாமல், தொலைவில் உள்ள கணினியில் மென்பொருளாக இயங்குவதும் உண்டு. ஈப்போவில் ஒருவர், தஞ்சோங் மாலிமில் ஒருவர், வீட்டிலிருந்து ஒருவர் என ஒரே நிறுவனத்தார் மூன்றிலக்க அக எண்களால் பேசிக்கொள்கின்றனர். இப்போதும் 'அக இணைப்பகம்' என்னும் சொல் நிற்குமா? நிற்கும். அகம் என்பது சுவரைக் குறிக்கவில்லை. உரிமையுடையோர் எல்லையைக் குறிக்கிறது. 'உள்கட்டடத் தொலைபேசி' என்று ஆக்கியிருந்தால் அது இன்று பொய்த்திருக்கும். தொழிற்பாட்டிலிருந்து பிறந்த சொல், பொறி மாறியபின்னும் பிழைக்கும் என்பதற்கு இதுவே சான்று.

8. வகுப்பறைக்கு ஒரு பயிற்சி

சொற்களைப் பட்டியலாக மனனம் செய்வித்தல் பயன் தராது. இரு மாணவரை எதிரெதிரே முதுகு காட்டி அமரச் செய்து, ஒருவரை அலுவலகப் பணியாளராகவும் மற்றவரைப் பெற்றோராகவும் பேச வைக்கலாம்.

"வணக்கம், பள்ளி அலுவலகம்."

"வணக்கம் ஐயா. நான்காம் ஆண்டு மாணவியின் தாயார் பேசுகிறேன். வகுப்பாசிரியரிடம் பேச வேண்டும்."

"சற்றுக் காத்திருங்கள் அம்மா. ஆசிரியர் அறையில் கேட்டு மாற்றிக்கொடுக்கிறேன்... காக்கவைத்ததற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் வகுப்பில் இருக்கிறார். குரலஞ்சலில் செய்தி விடுகிறீர்களா? இல்லை, ஓய்வு வேளையில் அவரே உங்களைத் திருப்பி அழைக்கட்டுமா?"

"அவரே அழைக்கட்டும் ஐயா. அவருடைய அக எண்ணையும் சொல்லிவிடுங்கள்."

"அக எண் 214, அம்மா."

இவ்வுரையாடலில் கடுந்தமிழ் எதுவும் இல்லை. 'அக எண்', 'குரலஞ்சல்' ஆகிய இரண்டே புதியவை. ஏனையவை நாம் நாளும் பேசுபவை. ஒரு சொல் வாயில் வருகிறதா, கேட்டவர் மறுமுறை கேளாமல் விளங்கிக்கொள்கிறாரா என்பதே அதற்குரிய தேர்வு. மாணவர் தடுமாறும் இடத்தில் தவறு சொல்லில் இருக்கலாம்; அவ்விடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 'தனியார்' என்ற என் பிழையை எனக்குக் காட்டியவள் ஒரு மாணவியே.

9. தொகுப்பு

இக்கட்டுரையில் முன்மொழிந்தவற்றை ஒருங்கே தருகிறேன்.

இணைப்பகம்: தொலைபேசிகளை ஒன்றோடொன்று இணைக்கும் நடுவிடம்.
பொது இணைப்பகம்: ஊர் முழுமைக்கும் உரியது.
அக இணைப்பகம்: ஒரு நிறுவனத்திற்கு உரியது.
இணைப்பாளர்: வரும் அழைப்பை ஏற்று உரியவரோடு இணைப்பவர்.
புறத்தடம்: அக இணைப்பகத்தையும் பொது இணைப்பகத்தையும் சேர்க்கும் வழி.
அக எண்: நிறுவனத்துள் ஒரு தொலைபேசிக்கு உரிய சிற்றெண்.
அக அழைப்பு, புற அழைப்பு: எல்லை நோக்கிய பகுப்பு.
வரும் அழைப்பு, செல்லும் அழைப்பு: திசை நோக்கிய பகுப்பு.
காக்கவைத்தல்: பேசுபவரை நிறுத்திவைத்தல்.
காத்திருக்கும் அழைப்பு: பேச்சின் இடையே வந்து நிற்கும் இரண்டாவது அழைப்பு.
மாற்றிக்கொடுத்தல்: எடுத்தபின் மற்றவரிடம் சேர்த்தல்.
திருப்பிவிடுதல்: எடுக்குமுன் வேறு எண்ணுக்குச் செலுத்துதல்.
தேடுதொகுதி: ஓய்வாக உள்ள தொலைபேசியை வரிசையாக நாடும் அமைப்பு.
தானியங்கி வரவேற்பு: பதிவுக்குரலால் வழிகாட்டும் அமைப்பு.
குரலஞ்சல்: பதிந்து வைக்கும் பேச்சு.

இவற்றுள் சில நிலைக்கலாம்; சில மாறலாம். இவற்றினும் சிறந்த சொல்லை மாணவர் ஒருவர் காட்டினால் என் சொல்லைக் கைவிட நான் அணியமாக இருக்கிறேன். ஒன்றை மட்டும் வலியுறுத்துவேன். பால்மரத்தை வெட்டிய கைகள் அத்தொழிலுக்குச் சொல் தேடி எவரிடமும் செல்லவில்லை. இன்று நம் பிள்ளைகள் அலுவலகங்களில் தொலைபேசியை எடுக்கின்றனர். அடுத்த முறை மணி ஒலிக்கும்போது அவர்களுள் ஒருவர், "சற்றுக் காத்திருங்கள், மாற்றிக்கொடுக்கிறேன்" என்று சொன்னால், இக்கட்டுரை தன் பணியைச் செய்ததாகக் கொள்வேன்.